ஆசாரி முதல் மாணவர் வரை: ஒரு நன்றி மடல்

இன்டீரியர் டிசைன் படித்து, அதையே தொழிலாக்கி, இப்போது வகுப்பும் எடுக்கிற நாங்கள் சேர்ந்து எழுதும் மடல் இது.

முதல் நன்றி, கணினியைத் தொடவிடும் முன்பே அளவு டேப்பைக் கையில் கொடுத்த ஆசிரியர்களுக்கு. எதிரெதிர்ச் சுவர்கள் சமம் என்பதால் மூலை செங்கோணம் ஆகிவிடாது, மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பார் என்றீர்கள். சுவருக்குச் சுவர் அலமாரி என்றால் அகலத்தைக் கீழே, நடுவில், மேலே என மூன்று இடத்தில் எடுத்து, இருப்பதில் சிறியதைக் கணக்கில் வைத்து, அதிலும் பக்கத்துக்கு 15 முதல் 20 மி.மீ. விட்டு, ஃபில்லர் பட்டையால் அடைக்க வேண்டும். தூக்குக்குண்டு காட்டும் செங்குத்துக்கு ஒத்துவரும் சுவர் வரைபடத்தில்தான் இருக்கிறது.

ஆசாரிமார்களிடம்தான் கடன் அதிகம். புதிதாக வருகிறவர், பலகைகளை எந்த அளவில் அறுக்க வேண்டும் என்ற கட்டிங் லிஸ்ட்டில் 1220 மி.மீ. பலகையை இரண்டு 610 என்று எழுதி அனுப்புவார். ரம்பம் தன் பங்குக்கு 3 மி.மீ. தின்றுவிடும், கிடைப்பது 608.5. ட்ராயர் ஓடுவதற்குப் பக்கவாட்டு பால் பேரிங் சேனல் போட்டால் அதன் பெட்டி, அலமாரியின் உள் அகலத்தைவிட 26 மி.மீ. குறைய வேண்டும், பக்கத்துக்கு 13. இதைவிட இறுகினால் சிக்கும், தளர்ந்தால் ஆடித் தொங்கும். 18 மி.மீ. ப்ளைவுட் கதவின் வெளிப்பக்கம் மட்டும் லேமினேட் என்கிற மேல்தாளை ஒட்டி உட்பக்கத்தை வெறுமனே விட்டால், ஈரம் ஏறி இறங்கும்போது இரண்டு முகமும் வேறுவேறாக விரிந்து சுருங்கிக் கதவு வளைந்துவிடும். உள்ளேயும் ஒரு தாள் ஒட்டச் சொன்னவர்கள் நீங்கள். இதெல்லாம் பாடத்தில் இருக்காதா என்றால், இருக்கும், கண்ணில் படாது.

கொத்தனார்களுக்கும் பிளம்பர்களுக்கும்: குளியலறைத் தளத்துக்கு மீட்டருக்கு 10 மி.மீ. வாட்டம், டைல்ஸ் ஒட்டும் முன் குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்ப்பது, இரண்டிலும் நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. எலக்ட்ரீஷியன்களுக்கு: கதவு திறக்கும் பக்கத்தைப் பிறகு மாற்றியதால் சுவிட்ச் கதவுக்குப் பின்னால் போய்விட்டது என்று, சுவரைக் காடி வெட்டும் முன்பே சொன்னதற்கு நன்றி.

சமையல் மேடைக்கு 850 முதல் 900 மி.மீ. உயரம் என்ற பொது அளவை ஏற்காமல், "எனக்கு இது தோள் வலிக்கும்" என்ற வீட்டுக்காரர்களே, நீங்கள் சொன்னது சரி. நின்று முழங்கையை மடக்கி, அதற்கு 100 முதல் 150 மி.மீ. கீழே மேடை வைத்தால் அளவு அவரவருக்குப் பொருந்தும்.

கடைசியாக மாணவர்கள். துணி அலமாரி ஆழம் 600 மி.மீ. என்று கரும்பலகையில் எழுதியதும் "ஏன் 600?" என்று கேட்கிறீர்கள். ஹேங்கர் ஏறக்குறைய 450, அதைத் தாண்டும் சட்டைத் தோள், பின்பலகை, கதவு என்று கூட்டிக் காட்டினால் விட்டுவிடுவீர்களா? "அப்போது ஸ்லைடிங் கதவென்றால்?" தடத்துக்கே 80க்கு மேல் போகும், எனவே ஆழம் 650 அல்லது அதற்கும் மேல். அந்த இரண்டாவது கேள்விக்குத் தனியாக ஒரு நன்றி.

அன்புடன்,
சைட்டிலும் வகுப்பிலும் இருக்கும் நாங்கள்