அந்தக் குதிரை பேசாமலே இருக்கட்டும்

டிரீம்வொர்க்ஸ் அனிமேஷன் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். 2002-இல் நீங்கள் வெளியிட்ட 'ஸ்பிரிட்: ஸ்டாலியன் ஆஃப் தி சிமரான்' என்ற காட்டுக் குதிரைப் படத்தைப் போன வாரம் என் ஆறு வயது மகளோடு மறுபடி பார்த்தேன். அவளுக்கு ஆங்கிலம் வராது. பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். பத்தே நிமிடத்தில், "நீ சும்மா இரும்மா, எனக்கே தெரியுது" என்று சொல்லிவிட்டாள்.

உண்மைதான், அவளுக்கு எதுவுமே விட்டுப்போகவில்லை. ராணுவக் கோட்டையில் மூன்று நாள் தீனி, தண்ணீர் இல்லாமல் கம்பத்தில் கட்டிப்போட்ட குதிரைமேல் கர்னல் ஏறுகிறார். அது துள்ளி ஓய்ந்து தலையைத் தொங்கப்போட்டதும் இவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரயில் எஞ்சினை மலைமேல் இழுக்கும்போது அது செத்ததுபோல் விழுந்து கிடக்க, ஓவென்று அழுதாள். அது எழுந்து மற்ற குதிரைகளின் கட்டையும் அவிழ்த்தபோதுதான் மூச்சு வந்தது.

இத்தனைக்கும் அந்தக் குதிரை யாரோடும் வாய் திறந்து பேசுவதில்லை. காது, கழுத்து, மூக்குத்துவாரம், ஒரு கனைப்பு, அவ்வளவுதான். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்திலிருந்து டோனர் என்ற கைகர் மஸ்டாங் இனக் குதிரையை வரவழைத்து மாதிரியாக வைத்துக்கொண்டீர்கள். ஜேம்ஸ் பாக்ஸ்டர் தலைமையில் ஓவியர்கள் அந்த உடம்பைப் படித்து வரைந்தார்கள். அந்த உழைப்பு ஒவ்வொரு அசைவிலும் தெரிகிறது. டோனரைப் பிறகு கலிஃபோர்னியாவில் ஒரு சரணாலயத்தில் வாழவிட்டதும் எனக்குப் பிடித்த செய்தி.

ஒரு குறை சொல்ல வேண்டும். நடிகர் மாட் டேமன் குரலில் குதிரையின் மனசு நடுநடுவே பேசுகிறது. நல்ல குரல்தான், ஆனால் தேவையில்லை. ஒரு வார்த்தை புரியாமலே என் மகள் முழுப் படத்தையும் பார்த்துவிட்டாளே!

2021-இல் 'ஸ்பிரிட் அன்டேம்ட்' வந்தது. பெயர் அதேதான், ஆனால் கதை லக்கி என்ற சிறுமியுடையது, குதிரை அவளுக்குத் துணை. அந்தப் படம் பிடித்த குழந்தைகள் இருப்பார்கள், அதைத் தப்பு சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்தப் பழைய குதிரைதான் வேண்டும். கோட்டை ஆட்கள் எவரையும் முதுகில் தங்கவிடாமல், தன்னை அவிழ்த்துவிட்ட லக்கோட்டா என்ற அமெரிக்கப் பழங்குடி இளைஞன் லிட்டில் கிரீக்குக்கு மட்டும் கடைசியில் தானாக மனம் வந்து இடம் கொடுத்ததே, அந்தக் குதிரை.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். இன்னும் ஒரு படம் எடுங்கள். குதிரையின் கண்ணால் பார்க்கும் கதையாக, கையால் வரைந்ததாக இருக்கட்டும். இந்த முறை மனசுக்குரலும் வேண்டாம். குரல் கொடுக்க நடிகரைத் தேடும் நேரத்தில், ஒலிப்பதிவாளரைக் குதிரைகள் மேயும் இடத்துக்கு அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
ஒரு ஆறு வயதுக்காரியின் அம்மா