நட்டால் மட்டும் போதாது

ஐயா, இயற்கைக் காப்பகத்தில் தன்னார்வலர்கள் நாட்டுச் செடிகளைக் கொண்டு மழைத்தோட்டம் (ஓடிவரும் மழைநீரை வாங்கி மண்ணுக்குள் இறக்கும், செடிகள் நட்ட பள்ளம்) அமைத்த செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்து மகிழ்ந்தேன். நடும் நாளில் கூட்டம் சேர்ந்துவிடும். களை பறிக்கும் நாளில்தான் ஆள் குறையும். செடிகள் ஆழமாக வேர் இறக்கி நிலைக்க 2 அல்லது 3 ஆண்டுகள் ஆகும். அதுவரை களையை அண்டவிடக் கூடாது. வேர் பிடித்துவிட்டால், அப்புறம் வேலை வெகுவாகக் குறைந்துவிடும்.

இப்படியொரு தோட்டத்தை நானும் சிலருடன் சேர்ந்து பராமரித்து வருகிறேன். ஒரு மழைக்குப் பின் பள்ளத்தில் 3 நாளாகத் தண்ணீர் அப்படியே நின்றது. ஓரிரு நாளில் அது மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டும். தேங்கினால் கொசுவுக்கு வசதியாகிவிடும். கையை விட்டுத் துழாவினால், அடியில் வழவழவென்று விரல் கனத்துக்கு வண்டல். அதை வழித்தெடுத்த பிறகு, அடுத்த மழைநீர் மறுநாளே இறங்கிவிட்டது. எனவே காப்பக நிர்வாகம் மாதம் ஒரு நாளைப் பராமரிப்புக்கென்றே ஒதுக்க வேண்டும். நட்ட செடிகள் இளங்கன்றாக இருக்கும்போது எப்படித் தெரியும் என்பதைப் படமாகப் பலகையில் வைத்தால், களை என்று நினைத்து நல்ல கன்றைப் பிடுங்குவதும் (ஆர்வத்தில் இது நிறையவே நடக்கிறது) குறையும்.