மின்சாரத்துக்கு உள்ள விசாரணை தண்ணீருக்கு ஏன் இல்லை?

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கும் நீர் வழங்கலுக்குப் பொறுப்பான அமைச்சருக்கும்,

வணக்கம். மலையகத்துச் சிறு நகரமொன்றிலிருந்து, மாதாமாதம் தண்ணீர் பில் கட்டும் ஒருவன் எழுதுகிறேன்.

மின்கட்டணத்தை மாற்ற வேண்டுமென்றால் மின்சாரம் வழங்குவோர் முதலில் ஆணைக்குழுவிடம் கணக்குக் காட்ட வேண்டும். முன்மொழிவு வெளியாகும். நாங்கள் எழுதி அனுப்பலாம், பொது விசாரணைக்கு நேரில் போயும் பேசலாம். இது வெறும் சடங்கில்லை. 2025 ஜனவரியில் மின்சார சபை பழைய கட்டணமே தொடரட்டும் என்றது. ஆணைக்குழு 20 சதவீதம் குறைத்தது.

தண்ணீருக்கு? ஆணைக்குழுவை அமைத்த 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில் மின்சாரத்தோடு நீர்ச் சேவையும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. மின்சாரத்துக்கு 2009இல் தனிச் சட்டம் வந்து, கட்டண அதிகாரம் ஆணைக்குழுவிடம் போனது. தண்ணீருக்கு அது வராமலே வருடங்கள் ஓடின. அதனால் 2022 செப்டெம்பரிலும் 2023 ஓகஸ்ட்டிலும் கட்டணம் ஏறியபோது எங்களிடம் வந்தது வர்த்தமானி மட்டும்தான். இத்தனைக்கும் 2023இல் நீர் வழங்கல் அமைச்சு மலையகத்தவர் ஒருவரிடமே இருந்தது!

கட்டணமே ஏறக்கூடாது என்று சொல்ல வரவில்லை. குளோரினுக்கும், மேட்டு நிலத்துக்கு நீரேற்றும் மோட்டாருக்கும் காசு வேண்டும், சரி. ஆனால் வழியில் கசிந்து போகும் தண்ணீரின் நட்டமும் எங்கள் அலகு விலையில் விழுகிறதா? அலகு கூடக்கூட விலையும் கூடும் முறையில், தோட்டத் தொழிலாளர் வாழும் தொடர் வீட்டு வரிசையான ஒரு லயத்துக்கே ஒரே மீற்றர் என்றால் அங்குள்ள குடும்பங்களின் கதி என்ன? இதையெல்லாம் கேட்க ஓர் இடம் வேண்டும். கிராமங்களில் சமூக நீர்ச் சங்கங்கள் பொதுக்கூட்டம் கூட்டித்தான் விலை வைக்கின்றன. சண்டையும் நடக்கும். ஆனாலும் ஏன் ஏறியது என்று தெரியாத வீடு இருக்காது. ஒரு நாட்டின் நிர்வாகத்தைவிட அந்தச் சங்கம் இதில் ஒழுங்கு.

அப்புறம், அறிவித்தல். என் வீட்டுக்கு வந்த துண்டிப்பு அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் இருந்தது. திகதியும் தொகையும் இலக்கத்தில் இருந்ததால் புரிந்தன. மேலதிகமாகச் சேர்த்த தொகை எதற்கென்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அச்சகத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போகவில்லை போலும்.

தண்ணீர், கழிவுநீர்க் கட்டணங்களை ஆணைக்குழுவின் கீழ்க் கொண்டுவரும் சட்டத்தை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவாருங்கள். சொந்தமாக நீர் வழங்கும் கண்டி, நுவரெலியா மாநகர சபைகள் போன்றவற்றையும் அதில் சேருங்கள். விலை ஏறுவதற்கு ஒரு மாதம் முன்னரே பில்லோடு மும்மொழியிலும் சொல்லுங்கள். விசாரணையை ஹட்டனிலும் பதுளையிலும், பெண்கள் கொழுந்து பறிக்கப் போகாத ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். சட்டத்துக்கு நாள் எடுக்கும், தெரியும். துண்டிப்பு அறிவித்தலைத் தமிழிலும் அச்சிடுவதை அடுத்த மாதமே தொடங்கலாம்.

இப்படிக்கு,
மலையகத்து நீர்ப் பாவனையாளன்