வராத படத்தைத் தேடியவர்களுக்கு

என் பட நாட்குறிப்பு உறவுகளுக்கு,

2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டதால் வாசலில் கோலமிட முடியவில்லை. திண்ணையில் சின்னதாக ஒன்று போட்டுக் கைப்பேசியில் படமெடுத்தேன். நாளுக்கு ஒரு படம் போடும் என் இணைய நாட்குறிப்பில் மாலையில் ஏற்றலாம் என்று வைத்திருந்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றிரவு நாங்கள் கண்டது, தாமிரபரணி ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததைத்தான். மின்சாரம் போயிற்று, தொலைத்தொடர்பும் போயிற்று. நானும் அம்மாவும் பக்கத்து வீட்டு மாடியில் இருந்தோம்.

கடற்கரை ஊர்களிலிருந்து படகுகளைக் கொண்டுவந்து எங்கள் பக்கத்து மக்களை மீட்ட மீனவர்களுக்கே முதல் நன்றி. அதைச் சொல்லாமல் வேறு யாருக்கும் நன்றி சொல்ல எனக்கு வாய் வராது.

21-ஆம் தேதி மாலை கைப்பேசிக்கு உயிர் வந்தது. வரிசையாக வந்து விழுந்த செய்திகளில் மிகப் பழையது, என்னைப்போலவே பட நாட்குறிப்பு வைத்திருக்கும் மட்டக்களப்பு அக்காவுடையது. 17-ஆம் தேதி இரவு பதினொரு மணிக்கு அனுப்பியிருந்தார்: "இன்றைய படம் இன்னும் வரவில்லையே தங்கச்சி, சுகம்தானே?" சென்னையில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் மறுநாள் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் பதறியிருக்கிறார்கள். அக்காவோ ஒரு படம் வராததை வைத்தே பதறியிருக்கிறார். காய்ச்சலில் படுத்திருந்த நாளில்கூட மாத்திரை அட்டையைப் படமெடுத்துப் போட்டவள் நான் என்பது அவருக்குத் தெரியும். 2017 பொங்கலில் தொடங்கி ஏறத்தாழ 2,500 நாட்கள், நாளுக்கு ஒரு படம், அதன் கீழே இரண்டு வரி. அதைத் தினமும் பார்க்க ஒருவர் இருந்தார் என்பதன் முழுப் பொருளும் அந்த மாலையில்தான் எனக்கு விளங்கியது.

வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. கணினியும் படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க்கும் அதற்குள் கிடந்தன. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த பழைய புகைப்படங்கள் ஒரே கட்டியாக ஊறியிருந்தன. வெயில் வந்ததும் அவற்றை மாடியில் காயப்போடக் கிளம்பினேன். நாகர்கோவில் அண்ணாச்சி தொலைபேசியில் அதட்டினார்: "காயவிடாதே! நல்ல தண்ணீரில் போட்டு வை, நான் வருகிறேன்." நாற்பது ஆண்டுகள் ஸ்டுடியோ நடத்தியவர். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். நனைந்தால் இளகும். ஒன்றோடொன்று சேர்ந்து காய்ந்துவிட்டால் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. சாலை திறந்த மறுநாளே பஸ் பிடித்து வந்தார். பையில் நான்கு பிளாஸ்டிக் தட்டுகள், நைலான் கயிறு, துணிக் கிளிப்புகள். இரண்டு நாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் வைத்தபடியே ஒவ்வொரு படமாகப் பிரித்தார். முகம் இருக்கும் பக்கத்தில் விரல் படாமல் ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கி, சுத்தமான தண்ணீரில் அலசி, துண்டின் மேல் படம் மேலே தெரியும்படி கிடத்தினார். ஊறிய நாட்கள் அதிகமாகிவிட்டதால் வண்ணப் படங்கள் பலவற்றில் ஓரங்கள் மஞ்சளும் சிவப்புமாகக் கழன்றுவிட்டன. கறுப்பு வெள்ளைப் படங்கள் தாக்குப்பிடித்தன. 1971-இல் எடுத்த அம்மாவின் கல்யாணப் படம் ஒரு கீறலும் இல்லாமல் வந்தது. அதைப் பார்த்ததும் அம்மா அண்ணாச்சியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அண்ணாச்சி, உங்களுக்கு என்ன சொல்ல? கொக்கை எடுத்தால் வெறும் வெள்ளைத் தாளாக விழுகிறது என்று நான் புலம்பிய காலத்தில், வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுக்கச் சொல்லி, இறகு இறகாகத் தெரியவைத்தவரும் நீங்கள்தான்.

ஹார்டு டிஸ்க்கைக் காப்பாற்றியது பினாங்குத் தம்பி. காயவைத்து ஒருமுறை போட்டுப் பார்க்கலாம் என்றிருந்தேன். உள்ளே சுழலும் தட்டுக்கும் படிக்கும் முனைக்கும் இடையே தலைமுடியின் பருமன்கூட இடைவெளி கிடையாது, ஒரு துகள் வண்டல் போதும், மொத்தமும் கீறிவிடும் என்று தடுத்தார். தகவல் மீட்பவர்களிடம் அப்படியே அனுப்பச் சொன்னார். பாதிக்கு மேல் திரும்பின. ஆனால் கோப்புகளுக்குப் பெயர் இல்லை, வெறும் எண்கள். ஒவ்வொரு படத்துக்குள்ளும் கேமரா குறித்து வைத்திருக்கும் தேதியைக் கொண்டு தம்பி அவற்றை நாள்வாரியாக அடுக்கிக் கொடுத்தார், வேலை முடிந்து வந்த இரவுகளில். என் முதல் கேமராவில் தேதி சரியாக வைக்கப்படாததால் 2017-இன் படங்கள் மட்டும் அந்த வழிக்கு அகப்படவில்லை. அவற்றை நாட்குறிப்பில் இருக்கும் சிறிய படங்களோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகப் பொருத்தியவர் மட்டக்களப்பு அக்கா. ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்டேன். 2004 சுனாமியில் தன் வீட்டில் ஒரு புகைப்படமும் மிஞ்சவில்லை, அப்பாவின் முகத்தை நினைவில் வைத்துத்தான் பார்க்கிறேன் என்றார். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

மீதியை நீங்கள் எல்லோரும் அனுப்பினீர்கள். ஆண்டு முடிவில் ஒருவர் படங்களில் பன்னிரண்டை இன்னொருவர் தேர்ந்து நாட்காட்டி செய்வது நம் வழக்கமாக இருந்ததே, அதற்காக வாங்கிய முழு அளவுப் படங்களை யாரும் அழிக்கவில்லை. காரைக்குடி டீச்சர் மட்டும் 114 படங்களை அனுப்பினார், எல்லாம் பறவைகள். கடம்பாகுளத்தில் எடுத்த ஒன்றுக்கு நான் 'கொக்கு' என்று எழுதியிருந்தேன். அலகு மூடியிருந்தும் நடுவில் இடைவெளி தெரிகிறதே, அது நத்தைக்குத்தி நாரை என்று அன்றே திருத்தியவர் அவர். வகுப்பில் காட்டுவதற்காகக் கேட்டு வாங்கிய அந்தப் படம் அவருடைய பள்ளிச் சுவரிலேயே ஒட்டப்பட்டிருந்ததாம்.

எனக்கு இன்னும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. திண்ணைக் கோலத்தை டிசம்பர் 17-க்கு உரிய இடத்தில் ஏற்றிவிட்டேன். 18 முதல் 22 வரை ஐந்து நாட்கள் காலியாக இருக்கின்றன. அந்த நாட்களில் நீங்கள் உங்கள் நாட்குறிப்புகளில் என்னை நினைத்து வைத்த படங்களைப் பின்னர் பார்த்தேன். அக்காவின் வாவிக்கரை விளக்கு, டீச்சரின் காலி இருக்கை, தம்பி வேலைக்குப் போகும் வழியில் எடுத்த படகு, அண்ணாச்சியின் நனைந்த குடை, டொராண்டோ மதினி வீட்டுச் சன்னலில் பனி. அந்த ஐந்தையும் என் ஐந்து நாட்களில் வைத்துக்கொள்கிறேன். சம்மதம் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஸ்ரீவைகுண்டத்திலிருந்து,
2024 பிப்ரவரி