மைத்துனி திருமணமும் மறைக்கப்படும் சட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆபாசம் கலவாத ஆங்கில வரலாற்றுக் காதல் நாவல்களை நம் பெண்கள் விரும்பி வாசிப்பது குறித்துத் தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த கட்டுரையை வரவேற்கிறேன். தாயும் மகளும் ஒரே புத்தகத்தைக் கூச்சமின்றி மாற்றி மாற்றிப் படிக்க முடிவது சிறிய விஷயமன்று. ஆயினும், மனைவியை இழந்த நாயகன் அவள் தங்கையை மணப்பதை ‘ஊர்ப்பேச்சுக்கு அஞ்சாத காதல்’ என்று கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்து சென்றது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அங்கே அவர்களை வழிமறித்து நின்றது சட்டம்.

நம்மவர்க்கு இது எளிதில் பிடிபடாமல் போவதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகளை விட்டுவிட்டு அக்காள் கண்மூடினால், ‘வெளியிலிருந்து வருகிறவள் இவர்களைத் தன் பிள்ளைகளாகப் பார்ப்பாளா?’ என்று கேட்டுத் தங்கையையே கட்டிவைக்கப் பெரியவர்கள் பேசுவது நம் வீடுகளில் புதிதல்ல. இங்கிலாந்துத் திருச்சபையோ மணக்கக் கூடாத உறவுகளை 16ஆம் நூற்றாண்டிலேயே பட்டியலிட்டு, பொது வழிபாட்டு நூலோடு சேர்த்து அச்சிட்டு, தேவாலயச் சுவர்களிலும் தொங்கவிட்டது. ஆணுக்கு 30 உறவுகள், பெண்ணுக்கு 30 உறவுகள். அதில் உடன்பிறந்த சகோதரிக்கு அடுத்த வரியிலேயே மனைவியின் சகோதரி நிற்கிறாள். அதற்கும் அடுத்து சகோதரனின் மனைவி. கணவனும் மனைவியும் ஓருடல் ஆகிவிடுவதால் அவள் தங்கை இவனுக்கும் தங்கையே என்பது திருச்சபையின் வாதம். சித்தப்பா, பெரியப்பா மக்களை மணப்பதற்கு அதே பட்டியலில் தடையே இல்லை என்று படிக்கும்போது, பங்காளி வீட்டில் பெண் எடுப்பதை நினைத்துக்கூடப் பார்க்காத நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

இந்நாவல்களில் பல, மன்னருக்குப் பதிலாக இளவரசர் ஆட்சி நடத்திய, 1811 முதல் 1820 வரையிலான ரீஜென்சி காலத்தில் நடப்பவை. அக்காலத்தில் மைத்துனியுடனான திருமணம் தானாகவே செல்லாததாகிவிடாது. ஆனால் கணவனும் மனைவியும் உயிரோடிருக்கும் வரை எவரேனும் திருச்சபை நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து அதை ரத்துச் செய்யவைக்க முடியும். ரத்தானால், பிறந்த பிள்ளைகள் முறையற்ற வழியில் பிறந்தவர்கள் ஆகிவிடுவார்கள், வாரிசுரிமையும் போய்விடும். குடும்பத்தின் நிம்மதி கெட, சொத்தில் கண் வைத்த ஒரே ஓர் உறவினர் போதும். எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்ல்ஸ், மனைவி ஃபேனி 1814இல் இறந்தபின் அவருடைய சகோதரி ஹாரியட்டை 1820இல் மணந்தது இந்த நிலையில்தான். பின்னாளில் போஃபர்ட் கோமகனான ஹென்றி சாமர்செட், இறந்த மனைவிக்குத் தாய்வழியில் மட்டும் சகோதரியான பெண்ணை 1822இல் மணந்தார். கோமகன் குடும்பத்தில் பிறந்ததும் இந்தக் கத்தியைத் தலைக்கு மேலிருந்து அகற்றவில்லை.

1835இல் வந்த லிண்ட்ஹர்ஸ்ட் சட்டம், அவ்வாண்டு ஆகஸ்ட் 31க்கு முன் நடந்த இத்தகைய திருமணங்களுக்குப் பாதுகாப்பு அளித்து, அதன்பின் நடப்பவை அடியோடு செல்லாது என்று அறிவித்தது. வசதியுள்ளோர் வெளிநாடு சென்று மணந்துகொண்டார்கள். ஓவியர் ஹோல்மன் ஹன்ட், மறைந்த மனைவியின் தங்கை எடித்தை 1875இல் சுவிட்சர்லாந்தில் மணந்தார். ஆனால் அப்படி மணந்தாலும் தாய்நாட்டுச் சட்டம் ஏற்கவில்லை. டென்மார்க்கின் ஆட்சிப்பகுதியில் 1850இல் புரூக் என்பவர் மைத்துனியுடன் செய்துகொண்ட திருமணத்தை, கணவனும் மனைவியும் இறந்த பிறகு, 1861இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் சபை செல்லாது என்று தீர்த்தது. இறந்த மனைவியின் சகோதரியை மணக்க 1907இலும், இறந்த சகோதரனின் மனைவியை மணக்க 1921இலும்தான் வழி பிறந்தது. கட்டுரையாளர் சொல்வதுபோல் ஸ்காட்லாந்தின் எல்லைக் கிராமமான கிரெட்னா கிரீனுக்கு ஓடியிருந்தாலும் பயனில்லை. பெற்றோர் சம்மதம் கிடைக்காத இளையோருக்கு அது புகலிடம். மைத்துனி உறவை ஸ்காட்லாந்தின் சட்டமும் விலக்கியே வைத்திருந்தது.

இதையெல்லாம் எழுதுவதால் காதல் நாவலின் இனிமை குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. இறந்த அக்காளின் வீட்டில் இருந்துகொண்டு, அவள் பிள்ளைக்குச் சோறூட்டி, தலைவாரி, இரவில் கதை சொல்லி உறங்கவைத்துவிட்டு, அப்பிள்ளையின் தந்தை வீடு திரும்பும் ஓசை கேட்டதும் தன் அறைக்குப் போய்விடும் ஒரு பெண்ணின் தவிப்பைச் சொல்லப் படுக்கையறைக் காட்சி எதுவும் தேவையில்லை. மணமேடையோடு கதையை முடிக்கும் ஆசிரியர்கள், அந்தப் பெண்ணுக்கு உண்மையான அச்சம் தொடங்கும் இடத்தில் அவளைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

நம் மலேசிய நாட்டில் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம், இறந்த மனைவியின் சகோதரியை மணப்பதைத் தடுக்கவில்லை. தாய்மாமன் அக்காள் மகளை மணக்கும் இந்து வழக்கத்துக்கும் அது தனியே இடமளித்திருக்கிறது. ஆனால் 1818இல் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எழுந்த இந்தப் பினாங்கில், ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. ‘கொழுந்தியாளைக் கட்டிக்கொள்’ என்று வீட்டுப் பெரியவர்களும், ‘கூடாது’ என்று சபையின் பட்டியலும் சொல்லியிருந்தால், அப்படியொரு குடும்பம் என்ன பாடுபட்டிருக்கும்? அந்தக் கதையை நம் மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் எழுத வேண்டும் என்றும், எழுதினால் தங்கள் ஞாயிறு பதிப்பில் தொடராக வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு