உங்கள் துறைக்காரர் ஒருவர்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்து விஷயத்தில் உங்களை நம்பாமல் மதினியே மணி பார்த்து ஊற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். சரியான ஏற்பாடு. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீடு அமைதியாகிவிட்டது, இனி எழுதித் தள்ளுவேன் என்று நினைக்காதீர்கள். அவள் அறைக்கு அறை கத்திக்கொண்டு திரிந்த காலத்தில்தான் அதிகம் எழுதினேன்.

'மணி பார்த்து எழுதுகிறவன் எழுத்தாளன் அல்ல, குமாஸ்தா' என்று எழுதி, அதற்கு அடிக்கோடு வேறு போட்டிருக்கிறீர்கள். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நீங்கள் குமாஸ்தாவை இப்படி மட்டம் தட்டலாமா? உங்கள் துறைக்காரர் ஒருவரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

ஆன்டனி டிராலப், ஆங்கில நாவலாசிரியர். 1834இல் லண்டன் தபால் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1867 வரை அந்தத் துறையிலேயே இருந்தவர். தெருவோரத் தபால் பெட்டியைப் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் முதலில் நட்டுப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவர். 1858இல் எகிப்துக்குப் போய், இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வரும் தபாலைச் சூயஸ் வரை ரயிலில் கொண்டுபோகப் பேசி முடித்தவரும் அவரே. இத்தனைக்கும் இடையில் 47 நாவல்கள் எழுதியிருக்கிறார்.

விடிகாலை 5.30 மணிக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். எழுப்பிக் காபி கொடுப்பதற்காக ஒரு கிழ வேலைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். எதிரில் கடிகாரம். கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று கணக்கு. மூன்று மணி நேரம் எழுதிவிட்டு எழுந்து அலுவலகத்துக்குப் போய்விடுவார். 1882இல் அவர் இறந்த மறு ஆண்டு சுயசரிதை வெளிவந்தது. இந்தக் கணக்கை அதில் படித்த இலக்கியவாதிகள் பலர் முகம் சுளித்தார்கள். அவர்களும் உங்களைப் போலத்தான் பேசியிருப்பார்கள்.

டிராலப் என்றாலே எல்லோரும் அந்தக் கடிகாரத்தைத்தான் சொல்கிறார்கள். அதே புத்தகத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த மூன்று மணி நேரத்தில் முதல் அரை மணி நேரம் அவர் ஒரு சொல்கூட எழுதுவதில்லை. முதல் நாள் எழுதியதைக் காதால் நிறுத்துப் பார்த்தபடி படிப்பார். என்னைக் கேட்டால், அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த அரை மணி நேரத்தைத்தான். 250 சொல் கணக்கை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நேற்று எழுதியதை இன்று காலையில் வேறொரு ஆளாக உட்கார்ந்து கேட்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

நான் எழுதிக்கொண்டிருக்கும் உப்பள நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். கடல் நீர், உப்பின் அடர்த்தியை அளக்கும் கணக்கில், மூன்று டிகிரி சுமாரில் அளத்துக்குள் வருகிறது. பாத்தி பாத்தியாக வெயிலில் வற்றி, 25 டிகிரியை எட்டும்போது உப்பு விளையத் தொடங்குகிறது. 29ஐத் தாண்ட விட்டால் கசப்பு உப்புகளும் சேர்ந்துவிடும், அதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். அலைந்து திரிந்து தெரிந்துகொண்ட இந்தச் செய்திகளை எல்லாம் கங்காணியின் வாயில் நான்கு பக்கத்துக்கு ஏற்றியிருந்தேன். எழுதிய இரவு எனக்கு அவ்வளவு சந்தோஷம். காலையில் வாய்விட்டுப் படித்தபோது அளத்தையே காணோம், பாலிடெக்னிக் வகுப்பறை ஒன்றுதான் இருந்தது. உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதுவதற்காக ராஜம் கிருஷ்ணன் நடந்து பார்த்த தூத்துக்குடி அளங்கள் அவை. அவருக்குப் பிறகு அங்கே போகிறவனுக்கு, தானும் பார்த்தவன்தான் என்று விவரங்களைக் கொட்டிக் காட்டும் ஆசை வராமல் இருக்குமா?

நான்கு பக்கத்தில் இப்போது நிற்பது இவ்வளவுதான்: கங்காணி அளவுக்கோலை நீரில் மிதக்கவிட்டுப் பார்த்து, "நாளைக்கு வாரலாம்" என்கிறார். பக்கத்தில் நிற்கும் பெண் கோலைப் பார்க்கவில்லை. நாளைக்குக் கூலி உண்டா என்று அவர் முகத்தைப் பார்க்கிறாள். டிகிரி இல்லாமலே காரியம் நடந்துவிட்டது. ஆனால் டிகிரி தெரியாமல் இருந்திருந்தால் அந்தப் பெண் எங்கே நிற்பாள் என்று எனக்குத் தெரிந்திருக்காது.

தஸ்தயேவ்ஸ்கியை இழுத்திருக்கிறீர்கள், கழுத்தில் கத்தி வைத்தால்தான் எழுத்து வரும் என்று. 1866 அக்டோபரில் 26 நாட்களில் 'சூதாடி' நாவலை வாயால் சொல்லி எழுதவைத்து முடித்தார் என்பது உண்மைதான். நவம்பர் முதல் தேதிக்குள் கொடுக்காவிட்டால், அதற்குப் பிறகு எழுதுவதை எல்லாம் பதிப்பாளர் ஒன்பது ஆண்டுகளுக்குப் பணம் கொடுக்காமலே வெளியிடலாம் என்று ஒப்பந்தம். ஆனால் அவர் எப்படிச் சொன்னார் என்று பாருங்கள். இரவில் உட்கார்ந்து குறிப்பு எழுதி வைத்துக்கொண்டு, பகலில் சுருக்கெழுத்துப் பெண் அன்னாவுக்குச் சொன்னார். அந்தப் பெண் தினமும் வந்து போனார். அதுவும் அலுவலக நேரம்தான், அண்ணாச்சி. மறு ஆண்டு பிப்ரவரியில் அவரையே கல்யாணமும் செய்துகொண்டார். அந்தப் பகுதியை மதினியிடம் சொல்ல வேண்டாம்.

டிராலப்போடு எனக்கு ஒத்துப்போகாத இடமும் உண்டு. ஒரு நாவல் முடிந்த கையோடு அடுத்ததைத் தொடங்கிவிடுவாராம். என்னால் முடியாது. பழைய நாவலின் ஆட்கள் வீட்டை விட்டுக் கிளம்பவே சில மாதங்கள் பிடிக்கும், அதற்குள் புதியவர்களை உள்ளே விட்டால் எல்லோரும் ஒரே குரலில் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் இந்தக் குமாஸ்தா கட்சியிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன்.

நீங்கள் மூடு வரும்போது மட்டும் எழுதுவதாகச் சொன்ன அந்த அனுபவக் குறிப்புகள் எந்த நிலையில் இருக்கின்றன? டாக்டர் படிக்கலாம் என்று சொன்ன பிறகு, எழுதியவரைக்கும் ஒரு காலையில் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மதினிக்குக் கேட்காத தூரத்தில் உட்கார்ந்துகொள்வது நல்லது.

கடைசியாக ஓர் உதவி. என் நாவலில் அந்தப் பெண் ஊரில் இருக்கும் தாய்க்கு மணியார்டர் அனுப்புகிறாள். காலம் 1970களின் நடுப்பகுதி, மாதம் ஐப்பசி, மழையில் அளம் மூடிய நேரம். தாய்க்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைநாட்டு வாங்கும்போது சாட்சிக் கையெழுத்தை யார் போடுவார்கள், தபால்காரரே போடலாமா? பணம் பட்டுவாடா ஆன ரசீது அனுப்பியவர் கைக்குத் திரும்பி வர எத்தனை நாள் ஆகும்? பாரத்தின் அடியில் செய்தி எழுதும் இடத்தில் எத்தனை வரி கொள்ளும்? அவள் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, இடம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் நான் எழுத முடியும். கண் சரியானதும் பதில் போடுங்கள், அவசரமில்லை.

மதினிக்கு என் வணக்கம்.

தங்கள் அன்புத் தம்பி