இளையோர் குழுவைப் பொறுப்பேற்ற மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உங்கள் யூத ஜெப ஆலயத்தின் இளையோர் குழுவை நடத்தும் பொறுப்பை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்றறிந்து நானும் அம்மாவும் மிகவும் மகிழ்ந்தோம். நீ அனுப்பிய ஆண்டுத் திட்டத்தையும் படித்தேன். மொட்டைமாடி விருந்து, ஹனுக்கா பண்டிகை நடன இரவு, ஒயின் மாலை என எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு வருகிறவர்கள் விருந்தாளிகளாக வந்து விருந்தாளிகளாகவே திரும்பிவிடுவார்கள் என்பதுதான் என் கவலை.

பியூ ஆய்வு மையத்தின் 2020 கணக்கெடுப்பில், 30 வயதுக்குட்பட்ட அமெரிக்க யூதர்களில் பத்தில் நான்கு பேர் தங்களுக்கு மதம் எதுவும் இல்லை என்று கூறியிருந்தார்கள். இத்தகைய எண்களைப் பார்த்ததும் ஆலய நிர்வாகிகள் பதறிப்போய்க் கேளிக்கைகளைக் கூட்டுகிறார்கள். நம் ஆலயங்களின் அமைப்போ குடும்பங்களை மனத்தில் வைத்து உருவானது: குடும்பச் சந்தா, குழந்தைகளின் ஹீப்ரு வகுப்பு, பதின்மூன்று வயதில் நடக்கும் பார் மிட்ஸ்வா சடங்கு. கல்லூரியில் இருக்கும்வரை யூத மாணவர்களுக்கான ஹில்லெல் அமைப்பு பார்த்துக்கொள்கிறது. படிப்பை முடித்துத் திருமணம் ஆகும்வரை உள்ள பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஆலயத்தில் இடமே இல்லை.

அந்த இடைவெளியை இளைஞர்களே தான் நிரப்பியிருக்கிறார்கள். 1968இல் பாஸ்டன் அருகே ஹவுரத் ஷாலோம் என்ற வழிபாட்டுக் குழு அப்படித்தான் தோன்றியது. 2001இல் மன்ஹாட்டனில் மூன்று இளைஞர்கள் தொடங்கிய கெஹிலத் ஹதார் குழுவில் சம்பளம் பெறும் ரபீ, அதாவது மதகுரு, இல்லை. வந்தவர்களே நம் வேதமான தோராவை வாசித்தார்கள், பிரசங்கமும் செய்தார்கள். நீ வசிக்கும் வாஷிங்டனில் உள்ள ‘சிக்ஸ்த் அண்ட் ஐ’ ஜெப ஆலயம் 1908இல் கட்டப்பட்டு, 1951இல் கிறிஸ்தவ சபையொன்றுக்கு விற்கப்பட்டு, 2002இல் இரவு விடுதியாக மாறும் நிலையிலிருந்து தப்பி, 2004இல் மீண்டும் ஜெப ஆலயமாகத் திறந்தது. உறுப்பினர் சந்தா என்ற ஏற்பாடே இல்லாத அந்த இடத்தை இளையோர் தேடிப் போவதை நீயே பார்த்திருப்பாய்.

வருகிறவரை விருந்தாளியாக அல்லாமல் தேவைப்படுகிறவராக ஆக்கும் வழி நம் மரபிலேயே இருக்கிறது. பத்துப் பேர் கூடாவிட்டால் மின்யான், அதாவது கூட்டு வழிபாட்டுக்கு வேண்டிய எண்ணிக்கை, இல்லை. மின்யான் இல்லாவிட்டால் தந்தையை இழந்தவன் அவருக்காகக் காதிஷ் ஜெபம் சொல்ல முடியாது. நம் கன்சர்வேட்டிவ் பிரிவு பெண்களையும் அந்தப் பத்தில் எண்ணலாம் என்று அனுமதித்ததே 1973இல்தான். எனவே உன் குழுவில் ஒருவர் வீட்டில் துக்கம் நேர்ந்தால், ஷிவா எனும் துக்க அனுசரிப்பின் ஏழு நாள்களில் எந்த மாலைக்கு யார் போவது, யார் உணவு கொண்டுபோவது என்று உடனே பட்டியல் போட்டுவிடு. ‘இன்று ஒன்பது பேர்தான் இருக்கிறோம், வர முடியுமா?’ என்று கேட்கப்பட்டவன், இதுவரை எந்த அழைப்பிதழும் வரவழைக்காதவனாக இருந்தாலும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

நம் ஓய்வுநாளான சபாத் தொடங்கும் வெள்ளி இரவு விருந்தை ஆலய மண்டபத்தில் வைக்காமல் வீடுகளில் வை. பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரச் சொன்னால் கோஷர், அதாவது நம் உணவு விதிகள், பற்றிய பிரச்சினை எழும். சில சுயேச்சைக் குழுக்கள் இதற்கு இரண்டு மேசை போடுகின்றன: ஒன்றில் கோஷர் முத்திரை உள்ள பொருள்களைக் கொண்டு கோஷர் சமையலறையில் சமைத்த சைவ உணவு, மற்றொன்றில் முத்திரையைப் பற்றிக் கவலைப்படாத சைவ உணவு. கடுமையாக அனுசரிப்பவனும் கண்டுகொள்ளாதவனும் ஒரே அறையில் உட்கார்ந்து சாப்பிட இதைவிட நல்ல உபாயத்தை நான் கண்டதில்லை. செலவைப் பகிர்வதானால், சூரியன் மறையும் முன்பே வசூலித்துவிடு; சபாத் தொடங்கிய பிறகு யாரும் பணப்பையைத் தொட நேரக்கூடாது. வரன் பார்க்கும் அத்தைமார்களை மட்டும் அந்தப் பக்கம் விட்டுவிடாதே; உன் அம்மாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. நிர்வாகக் குழுவில் இளையோருக்கு வாக்குரிமையுடன் ஓர் இடத்தையும், நிலையான சந்தாவுக்குப் பதில் அவரவர் இயன்றதைச் செலுத்தும் முறையையும் கேள். பல ஆலயங்கள் அம்முறைக்கு மாறிவிட்டன. சந்தா விஷயத்தில் அவர்கள் காலதாமதம் செய்தால் பொறுத்துக்கொள்ளலாம். வாக்குரிமைக்கே தயங்கினால், நடன இரவுக்காக அவர்கள் ஒதுக்கும் பணத்தை வாங்கும் முன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசி.

அன்புடன்,
அப்பா